புதுப்பிப்பு: கிருஷ்ணகிரிக் கட்டும் ரத்தக்காட்டேரிக் கதைகளும்

கிருஷ்ணகிரி பழைய பேப்பர் கடையில் கிடைத்த மாத இதழ்க் கட்டில் உள்ள ரத்தக்காட்டேரிக் கதைகளை ஸ்கேன் செய்வது பற்றிய முந்தைய இழைக்குத் தொடர்ச்சி இது.

அதில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு) போதும் என்றது தவறு. பொடி எழுத்துக்கு 400 வேண்டும், அதுவும் கலரில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பழுப்புக் கறையும் எழுத்தாகிவிடும். பின்பக்க அச்சு ஊடே தெரிந்தால் தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை வையுங்கள். துருப்பிடித்த பின்னை இழுத்தால் தாள் கிழியும். பின்னின் மடங்கிய கால்களை நிமிர்த்திவிட்டு எடுங்கள்.

பெரிய தலைவலி ஓசிஆர்தான், அதாவது ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை போட்ட ‘லை’, ‘னை’, சுழித்த ‘றா’, ‘னா’ எல்லாவற்றிலும் உளறும், கையால்தான் திருத்தணும். ‘காட்டேறி’ என்று அச்சாகியிருந்தால் மட்டும் தொடாதீர்கள், அதுவும் வழக்கில் உள்ளதுதான்.

பதிப்புரிமை: ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 வருடம். புனைபெயருக்குப் பின்னால் யாரென்றே வெளிப்படவில்லை என்றால், கதை வெளியான மறு ஆண்டிலிருந்து.