தரங்கம்பாடியில அப்பாவோட நடந்து பார்த்த ஒரு நாள்

எல்லாரும் அவங்கவங்க நடந்து பார்த்த ஊரைப் பத்தி எழுதுறீங்க, நான் தரங்கம்பாடியைச் சொல்றேன். முதல் தடவை ஒரு டூர் வண்டியில போனப்ப டேனிஷ் கோட்டை வாசல்ல இறக்கி விட்டாங்க, முக்கால் மணி நேரத்துல திரும்ப ஏத்திட்டாங்க, மனசே ஆறல. அதனால போன தை மாசம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு மயிலாடுதுறையில பஸ் பிடிச்சு வெயில் ஏர்றதுக்கு முன்னாடியே போய் இறங்கிட்டேன், கைடு வேண்டாம்னு முடிவோட.

ஒண்ணு மட்டும் கேளுங்க, கோட்டையில ஆரம்பிக்காதீங்க. 1792ல கட்டின அந்த வெள்ளை நகர வாசல் வழியா உள்ள நுழைஞ்சு கடலைப் பார்த்து கிங் ஸ்ட்ரீட்ல நடங்க. வாசலைத் தாண்டினதும் சத்தம் அடங்கிடும், ரெண்டு பக்கமும் தூண் வச்ச பழைய வீடுங்க, தெரு முனையில கடல். 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கி டேனிஷ்காரங்க வந்து, 1845ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போற வரைக்கும் இதுதான் அவங்க ஊர்.

அப்பா பிரஸ்ல 35 வருஷம் கம்பாசிட்டரா, அதாவது அச்சு எழுத்துக் கோக்கிறவரா இருந்தவர். அவருக்குக் கோட்டையெல்லாம் ரெண்டாம் பட்சம்தான், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குதான் முக்கியம். 1706ல 24 வயசு கூட நிறையாம இங்க வந்து, பள்ளிக்கூடத்துப் பசங்களோட உக்காந்து மணல்ல எழுதித் தமிழ் கத்துக்கிட்டவர், 1715ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சுட்டார். 1718ல அவர் கட்டின புது எருசலேம் ஆலயத்துக்குள்ளதான் அவரைப் புதைச்சிருக்காங்க, சாகும்போது வயசு 36. நாங்க போனப்ப தரையைப் பெருக்கிக்கிட்டிருந்த ஒரு அம்மா, "செருப்பைக் கழட்டிட்டு வாங்கய்யா, நிதானமா பாருங்க"ன்னு சொல்லிட்டு ஃபேனைப் போட்டுட்டுப் போனாங்க. அப்பா அந்தக் கல்லறை பக்கத்துலயே அரை மணி நேரம் உக்காந்திருந்தார், நானும் கூப்பிடல.

அப்புறம் சீகன்பால்கு வீட்டை மியூசியமா ஆக்கி வச்சிருக்காங்களே, அங்க போனோம். அப்பா யாருன்னு தெரிஞ்சதும் அங்க இருந்த தம்பி ஒரு ஈய அச்சு எழுத்தை எடுத்து அவர் கையில கொடுத்தார். அப்பா அதைப் பார்க்கவே இல்ல, கட்டை விரலால பக்கவாட்டுல இருக்கிற காடியை, அதான் அந்தச் சின்னப் பள்ளத்தைத் தடவி எழுத்தை நேரா திருப்பிக்கிட்டு அப்புறம்தான் கண்ணு கிட்ட கொண்டு போனார், "ழ"ன்னார். கம்பாசிட்டருங்க அப்படித்தான் எடுப்பாங்களாம், எழுத்து தலைகீழா இருக்கான்னு காடிதான் சொல்லுமாம், கண்ணு கையெழுத்துப் பிரதியை விட்டு நகரவே கூடாதாம். அவர் வேலையை விட்டு 20 வருஷம் ஆச்சு, அந்த விரலுக்கு இன்னும் மறக்கல. காகிதத் தட்டுப்பாட்டால எழுத்தையே சின்னதா வார்த்தாங்கன்னும், பக்கத்துல பொறையாறுல காகிதப் பட்டறையே போட்டாங்கன்னும் அந்தத் தம்பி சொல்ல, அப்பா கேள்வி மேல கேள்வியா கேட்டுக்கிட்டே இருந்தார். டூர் வண்டியில வந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா சொல்லுங்க.

கோட்டை சாயங்காலத்துக்கு நல்லா இருக்கும், மேல நின்னா காத்து அள்ளும், உள்ள தொல்லியல் துறை மியூசியம் இருக்கு. ஆனா அதைப் பார்த்துட்டு திரும்பிடாதீங்க. கடற்கரையோரமாவே போனா மாசிலாமணி நாதர் கோயில் வரும், 1306ல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது, டேனிஷ்காரங்களுக்கு 300 வருஷம் முன்னாடி. அங்க இருக்கிற கல்வெட்டுல இந்த ஊர் பேரு சடங்கன்பாடி. முன்பக்கத்தைக் கடல் கொண்டு போயிடுச்சு, பாறை கொட்டி மிச்சத்தைக் காப்பாத்தி வச்சிருக்காங்க.

அங்க ஒரு பெரியவர் கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டு இருந்தார். "அதோ அலை உடையுது பாருங்க, எங்க தாத்தா காலத்துல அதுக்கும் அந்தாண்ட நின்னு சாமி கும்பிட்டிருக்காங்க"ன்னார். அப்பா அவர் பக்கத்துலயே மணல்ல உக்காந்துட்டார். ஊசி வலைக்குள்ள போயிட்டு வர்ற வேகத்தையே ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நீங்களும் கண்ணால பார்க்காமத்தான் முடிச்சுப் போடுறீங்க"ன்னார். பெரியவர் சிரிச்சுட்டு ஊசியை அப்பா கையில கொடுத்தார். நாங்க கடைசி பஸ்ஸுலதான் ஊர் திரும்பினோம்.