சுரங்கத் தொப்பி விளக்குக்கான சட்டைப்பை எண்ணெய்க் குடுவை: அடையாளம், ஒழுகல், எந்த எண்ணெய்?

தகரப்பெட்டி எழுதியது:

தட்டையான தகரக் குடுவை ஒன்றைப் பற்றிய கேள்வி. குறுக்குவெட்டு முட்டை வடிவம். உயரம் 9 செ.மீ., அகலம் 6.5 செ.மீ., தடிமன் 2.5 செ.மீ. ஒரு பக்கம் லேசாக உள்வாங்கி வளைந்திருக்கிறது. மேலே 1 செ.மீ. விட்டத்தில் கழுத்து, அதற்குப் பித்தளைத் திருகு மூடி. மூடி அசைய மறுக்கிறது. கூடவே டீக்கெட்டில் மாதிரி மூக்கும், பின்புறம் கொக்கியும் உள்ள சின்னத் தொப்பி விளக்கு.

1. இது எண்ணெய்க் குடுவையா, கார்பைடு (தண்ணீர் பட்டால் எரிவாயு விடும் கட்டி) டப்பாவா? எப்படித் தெரிந்துகொள்வது?
2. மூடியை உடைக்காமல் திறக்க என்ன வழி?
3. அடித்தையல் ஓரமாகப் பழுப்பு நிறக் கசிவுத் தடம் இருக்கிறது. மறுபடி பற்றவைக்கலாமா?
4. விளக்கைச் செயல்முறை காட்டுவதற்காக ஏற்ற வேண்டும். எந்த எண்ணெய், எவ்வளவு?

---

திரிமுனை எழுதியது:

முதல் கேள்விக்கு வாயே பதில் சொல்லிவிடும். கார்பைடு கட்டி கட்டியாக இருக்கும், ஒரு செ.மீ. கழுத்து வழியாக அதைக் கொட்டவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அதனால்தான் கார்பைடு டப்பாக்களுக்கு அகன்ற வாய் வைப்பார்கள். குறுகிய கழுத்து, தட்டை உடம்பு, இடுப்புக்கும் தொடைக்கும் பொருந்துகிற உள்வளைவு எல்லாம் எண்ணெய்க் குடுவையின் லட்சணம். திறந்த பிறகு உட்புறத்தையும் பாருங்கள். அரக்கு மாதிரிப் பழுப்புப் பிசின் ஒட்டியிருந்தால் எண்ணெய். வெள்ளை அல்லது சாம்பல் நிறச் சுண்ணாம்புத் தூளும் பூண்டு வாடையும் இருந்தால் கார்பைடு. பின்னது என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல், திறந்த வெளியில் உலர்வாகத் தட்டி எடுக்க வேண்டும். ஒரு கிலோ கார்பைடு தண்ணீர் பட்டால் ஏறக்குறைய 300 லிட்டர் அசிட்டிலீன் விடும். அந்த வாயு காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும்.

கூட இருக்கும் விளக்கும் இதற்குப் பொருந்துகிறது. கெட்டில் மூக்குத் தொப்பி விளக்கு ஸ்காட்லாந்தில் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் பரவியது. 1900இல் பிரெடரிக் பால்ட்வின் கார்பைடு விளக்குக்குக் காப்புரிமை பெற்ற பின் மெல்ல மெல்ல ஒதுங்கியது. டேவி விளக்கு (1815, சுடரைக் கம்பி வலைக்குள் அடைத்தது) வகைப் பாதுகாப்பு விளக்குகளோடு இந்தக் குடுவையைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அது தவறு. மீத்தேன் உள்ள சுரங்கத்தில் பாதுகாப்பு விளக்கைப் பூட்டியே உள்ளே அனுப்புவார்கள். எண்ணெய் ஊற்றுவது மேலே விளக்கறையில் மட்டும்தான். பையில் எண்ணெய் எடுத்துப்போய் உள்ளேயே ஊற்றிக்கொள்வது திறந்த சுடர் அனுமதிக்கப்பட்ட சுரங்கத்து வழக்கம்.

கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் இந்த அளவு என்பது புரியும். உங்கள் அளவுப்படி 3.14 × 3.25 × 1.25 × 9, அதாவது சுமார் 115 மி.லி. உள்வளைவைக் கழித்தால் 110 என்று வைத்துக்கொள்வோம். விளக்கு 4 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரம் என்றால் 60 மி.லி.; திரிக்கும் தளும்பலுக்கும் இடம் விட்டால் 50க்குக் குறைவாகத்தான் ஊற்ற முடியும். சுடர் மணிக்கு 10 கிராம் குடிக்கிறது என்று வைத்தால், 50 மி.லி. (தாவர எண்ணெயில் சுமார் 46 கிராம்) நாலரை மணி நேரம் வரும். பத்து மணி நேர வேலைக்கு இரண்டு தடவை ஊற்ற வேண்டும். குடுவையில் இருப்பது சரியாக அந்த இரண்டு தடவைக்கான எண்ணெய். மணிக்குப் பத்து என்பது கணக்குக்காக எடுத்த எண். உங்கள் விளக்கை ஏற்றும் முன்பும் அரை மணி எரிந்த பின்பும் தராசில் வைத்து எடை வித்தியாசத்தை இரண்டால் பெருக்கினால் உங்கள் எண் கிடைத்துவிடும்.

---

பற்றாசு எழுதியது:

மூடி, தையல் இரண்டுக்கும் நான்.

மூடியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் துரு அல்ல, காய்ந்த எண்ணெய்ப் பிசின். கொறடு போடாதீர்கள், பித்தளை மூடி நீள்வட்டமாக நசுங்கினால் மரை போச்சு. குடுவையைத் தலைகீழாகப் பிடித்து, கழுத்து மட்டும் முழுகும்படி 60 பாகை வெந்நீரில் பத்து நிமிடம் வையுங்கள். இளகாவிட்டால் துடைத்து உலர்த்தி, மரை இடுக்கில் இரண்டு சொட்டு அசிட்டோன் விட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். திருகும்போது ஒரு கை குடுவையின் உடம்பில் இருக்கவே கூடாது. கழுத்தின் அடி வளையத்தைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திருப்புங்கள். உடம்பைப் பிடித்துத் திருகினால் அத்தனை விசையும் கழுத்தடிப் பற்றாசு (தகடுகளை ஒட்டும் இளகிய உலோகம்) வழியாகத்தான் போகும். இந்தக் குடுவைகளில் முதலில் விரிவது அந்த இடம்.

உள்ளே சுத்தம் செய்ய: லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்த சூடான நீரை ஊற்றி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் பத்துப் பதினைந்து செ.மீ. மெல்லிய சங்கிலித் துண்டை உள்ளே போட்டுக் குலுக்குங்கள். சங்கிலி என்றால் இழுத்து வெளியே எடுத்துவிடலாம், ஆணி திருகு என்றால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காஸ்டிக் சோடா வேண்டாம், தகரப் பூச்சையே தின்றுவிடும்.

ஒழுகும் இடத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். வெளியே சுண்ணக்கட்டித் தூளைக் குழைத்துப் பூசி உலர்த்தி, உள்ளே மண்ணெண்ணெய் விட்டு அரை மணி வைத்தால், கசிவு கருங்கோடாகத் தெரியும். துல்லியமான சோதனைதான். ஆனால் பற்றவைக்கப் போகும் குடுவைக்கு இதைச் செய்யாதீர்கள். இடுக்கில் தங்கும் மண்ணெண்ணெய் சூட்டில் ஆவியாகித் தீப்பிடிக்கும், பற்றாசும் ஒட்டாது. கழுத்தில் ரப்பர்க் குழாய் மாட்டி, தண்ணீருக்குள் முக்கி, வாயால் மெல்ல ஊதினால் போதும். குமிழி வரும் இடத்தில் குறி வையுங்கள். காற்றழுத்தப் பம்ப் வைத்து அடித்தால் தட்டை உடம்பு பலூன் மாதிரி உப்பிவிடும்.

பற்றவைப்பு: 60 முதல் 100 வாட் சூட்டுக்கோல், அகலமான முனை. தீச்சுடர் கூடவே கூடாது. எல்லாத் தையலும் ஒரே பற்றாசு. ஒன்றை இளக்கப் போய் நாலும் பிரிந்து, கையில் தகடுகளாக வரும். 60/40 ஈயப் பற்றாசு (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 190 பாகைக்குள் இளகிவிடும். ஈயமில்லாதது 217க்கு மேல்தான் இளகும். பழைய தையலுக்குப் பக்கத்தில் அந்த இருபது முப்பது பாகை பெரிய வித்தியாசம்.

அசிட்டோனால் எண்ணெய் நீக்கி, ஆவி முழுக்கப் போன பிறகே கோலைச் சூடாக்குங்கள். தையலைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். துருமேல் பற்றாசு முத்து முத்தாக உருண்டு ஓடுமே தவிரப் பிடிக்காது. துத்தநாகக் குளோரைடு அல்லது நவச்சாரக் கரைசலை மெல்லத் தடவி, ஒரு தடவைக்கு 10–15 மி.மீ. மட்டும் ஓட்டுங்கள். மற்றத் தையல்கள் மேல் ஈரத்துணி சுற்றியிருக்கட்டும்.

மூடியைத் திறந்தே வையுங்கள், இது முக்கியம். மூடியிருந்தால் உள்ளே சூடான காற்று விரிந்து, இளகிய பற்றாசைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மேலே அழகாக இருக்கும், நடுவில் ஊசித் துளை இருக்கும். "மூன்று தடவை பற்றவைத்தும் ஒழுகுகிறது" என்பவர்களில் பாதிப்பேர் கதை இதுதான்.

முடிந்ததும் லிட்டருக்கு 20 கிராம் சலவைச் சோடா நீரில் கழுவி, வெந்நீரில் இரண்டு முறை அலசி, 70 பாகை அடுப்பில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். குளோரைடு மிச்சம் இருந்தால் ஒரே மாதத்தில் உள்ளிருந்து துரு கிளம்பும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

---

பழம்பொருள் எழுதியது:

பற்றாசு சொன்ன முறையில் பிழை இல்லை. ஆனால் அதைச் செய்யலாமா என்பது வேறு கேள்வி. குடுவையின் அடியில் அல்லது மூடியில் தயாரிப்பாளர் முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், சுரண்டிப் பளபளப்பாக்கி மறுபடி பற்றவைத்த குடுவை பாதி சாட்சியை இழந்துவிடும். பழைய பற்றாசின் ஓட்டம், கையால் செய்ததா அச்சில் செய்ததா என்ற தடயம், தேய்ந்த இடம் எல்லாம் தையலில்தான் இருக்கிறது. காட்சிக்கு என்றால் பிசினை மட்டும் நீக்கி, உலர்த்தி, நுண்படிக மெழுகை மெல்லத் துடைத்து வைத்தால் போதும். எரித்துக் காட்டுவதற்குப் புதுத் தகரத்தில் அதே அளவில் ஒன்று செய்துகொள்வதே மேல்.

எபாக்சி பசையும் வேண்டாம். எண்ணெய் ஊறிய தையலில் அது நிற்காது, பின்னால் பற்றவைக்கவும் விடாது.

---

தகரப்பெட்டி எழுதியது:

வெந்நீரில் மூடி திறந்தது. உள்ளே பழுப்புப் பிசின், பூண்டு வாடை இல்லை. முத்திரை எங்கும் இல்லை. மூடிக்குள் கருகிய தக்கை வட்டம் ஒன்று உதிர்ந்தது. அதற்குப் பதில் என்ன போடுவது? எண்ணெய்?

---

திரிமுனை எழுதியது:

1.5 மி.மீ. தக்கைத் தகடு கிடைத்தால் அதுவே போதும், வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் நைட்ரைல் ரப்பர். சாதாரண ரப்பர் எண்ணெயில் உப்பி, மூடியை மரையிலிருந்து தள்ளும்.

எண்ணெய் விஷயத்தில் அன்று பன்றிக்கொழுப்பு எண்ணெய், தாவர எண்ணெய்கள் எல்லாம் ஓடின. மலிவுக்காகக் கனிம எண்ணெய் கலந்தார்கள். அந்தப் புகை காற்றோட்டமில்லாத, நிலக்கரி வெட்டும் முகப்பில் எல்லார் தொண்டையிலும் இறங்கும். பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் சுரங்கச் சட்டங்கள் விளக்கெண்ணெய் எதுவாக இருக்கலாம் என்று விதித்தது இதனால்தான். (இங்கே "விளக்கெண்ணெய்" என்றால் விளக்கில் எரிக்கும் எண்ணெய், ஆமணக்கு அல்ல. ஆமணக்கு எரியும், ஆனால் அந்தக் கெட்டிக்குத் திரியில் ஏறத் திணறும்.)

உங்களுக்குக் கடலை, சூரியகாந்தி, ஆலிவ் எதுவும் சரி. ஆளிவிதை எண்ணெய் வேண்டவே வேண்டாம். காற்றுப் பட்டாலே படலமாகக் காயும், நீங்கள் இப்போது சுரண்டிய பிசின் மாதிரியே கழுத்தை அடைக்கும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழ் உறையும், குளிர் அறையில் கழுத்தில் கட்டியாக நிற்கும். பன்றிக்கொழுப்பு எண்ணெயும் குளிரில் தடிக்கிற ஜாதி. குடுவை உடம்போடு ஒட்டிய பையில் இருந்தால் அந்தச் சூடே அதை ஓட வைக்கும். பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே வேண்டாம். திறந்த மூக்கு, தளர்ந்த மூடி, தலைக்கு மேல் சுடர்.

குடுவையை நிரப்பும்போது மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். 15 பாகையில் நிரப்பிய எண்ணெய் உடம்புச் சூட்டில் 35க்கு வந்தால் ஒன்றரை சதவீதம் விரியும். இடமே இல்லாவிட்டால் அது மூடி வழியாகத்தான் போகும், பையெல்லாம் எண்ணெய்.

ஊற்றுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. குறுகிய கழுத்தைச் செங்குத்தாகக் கவிழ்த்தால் எண்ணெயும் காற்றும் முட்டிக்கொண்டு குபுக் குபுக்கென்று கொட்டும். குடுவையின் அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி படுக்கையாகச் சாய்த்தால், கழுத்தின் மேல் பாதியில் காற்று போகும், கீழ் பாதியில் எண்ணெய் நூலாக வரும். ஆகவே காற்றுத்துளை போடுகிறேன் என்று துரப்பணத்தைத் தூக்காதீர்கள்.

விளக்கை அணைத்து, ஆறவிட்டு, முக்கால் அளவே ஊற்றுங்கள். தலை குனிந்தால் எண்ணெய் மூக்குப் பக்கம் ஓடும். நிறைய இருந்தால் மூக்கின் வெளிப்புறம் வழிந்து சுடர் அதன் மேலேயே ஊரும். சில விளக்குகளில் மூக்கைச் சுற்றி இரண்டாவது உறை இருக்கும், வழிவதைப் பிடித்து உள்ளே திருப்புவதற்காக. அது அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.

---

தகரப்பெட்டி எழுதியது:

ஏற்றினோம். சுடர் சின்னதாகவே இருக்கிறது, அவ்வப்போது சடசடவென்று பொரிகிறது.

---

பற்றாசு எழுதியது:

பொரிவது தண்ணீர். குடுவையோ விளக்கோ முழுக்கக் காயவில்லை. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் தங்கும், திரியும் அடியிலிருந்துதான் உறிஞ்சும். எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் வடித்து ஒரு மணி நேரம் வையுங்கள், அடியில் முத்துகள் தெரிந்தால் அதுதான். இரண்டையும் மறுபடி அடுப்பில் உலர்த்துங்கள். ஈரமான திரி இனி உதவாது, புதிது போடுங்கள்.

சின்னச் சுடருக்கு இறுக்கமான திரி காரணமாக இருக்கலாம். முறுக்கில்லாத பருத்தி நூல்களைச் சேர்த்து மூக்கில் இழுங்கள். வெளியே இருக்கும் நுனியை இரு விரலால் பிடித்து இழுத்தால் லேசான தடையோடு வர வேண்டும். வராவிட்டால் இரண்டு நூல் எடுத்துவிடுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் இரண்டு நூல் சேருங்கள், இல்லாவிட்டால் மூக்கில் சொட்டும், கரியும் கட்டும். நுனி 3–5 மி.மீ. வெளியே நிற்கட்டும். ஏற்றும் முன் பத்து நிமிடம் எண்ணெய் ஏற விடுங்கள். உலர்ந்த திரியை ஏற்றினால் பஞ்சு கருகி, அந்தக் கரியே எண்ணெய்க்குத் தடையாகிவிடும். விளக்கில் பாதிக்குக் கீழ் எண்ணெய் இறங்கினாலும் சுடர் சுருங்கும், தாவர எண்ணெய் திரியில் சில செ.மீ.க்கு மேல் ஏறாது. குடுவையைக் கையில் எடுக்க வேண்டிய நேரம் அது.