விளையாட்டு வீராங்கனைங்க துணியில்லாம போட்டோ எடுக்குறது பெருமையா, காட்சிப்பொருளா?

சுங்கைசிப்புட்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். தலைப்ப பாத்துட்டு யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, மனசுல உள்ளத கேக்குறேன். என் தங்கச்சி மகளுக்கு வயசு 21, 400 மீட்டர் ஓடுறா, ஈப்போல படிச்சிக்கிட்டே பயிற்சிக்கும் போறா. அவ போன்ல ஈஎஸ்பிஎன்ங்குற அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகையோட 'பாடி இஷ்யூ' படங்கள காட்டினா, விளையாட்டுக்காரங்கள துணியில்லாம படம் எடுத்துப் போடுற சிறப்பிதழ் அது. 2009ல ஆரம்பிச்சதாம், அந்த முதல் இதழ் அட்டையில டென்னிஸ் ஆடுற செரினா வில்லியம்ஸ். உடம்புல துணி இல்ல, ஆனா உக்காந்திருக்கிற விதத்துலயே மறைக்க வேண்டியது மறைஞ்சிருக்கு. "இந்தத் தோள பாருங்க பெரியம்மா, இது எத்தன வருஷ உழைப்பு"ங்குறா. எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டி எங்கள வளத்தவங்க, அவங்க அடுப்படியிலேர்ந்தே, "உழைப்ப காட்டுறதுக்கு துணிய ஏன் கழட்டணும்"னு கேட்டுட்டாங்க. ரெண்டு பேரு சொல்றதும் எனக்கு ஞாயமாத்தான் படுது.

இது வெறும் வாய்ப்பேச்சா இருந்தா விட்டுருவேன். ஆன்லைன்ல ஸ்போர்ட்ஸ் சாமான் விக்கிற ஒருத்தர் இவளுக்கு ஸ்பைக்கும் (அடியில ஆணி வச்ச ஓட்ட ஷூ) கொஞ்சம் பணமும் ஸ்போன்சர் பண்றேன்னு சொல்லியிருக்காரு, அதுக்கு பதிலா ஸ்போர்ட்ஸ் பிராவும் ஓடுற சின்ன ஷார்ட்ஸும் போட்டு ஸ்டுடியோவுல போட்டோ எடுக்கணுமாம். நிர்வாணம்லாம் இல்ல. ஆனா இதே ஊர்ல அவ திடல்ல ஷார்ட்ஸ் போட்டு ஓடுனதுக்கே கோயில் கமிட்டி ஆளு ஒருத்தரு என் தங்கச்சிய கூப்ட்டு வச்சி பேசினாரு. நீங்க என்ன நினைக்கிறீங்க?

தண்டல்_மகன்:

அக்கா, நான் ஆம்பள, பேசுறதுக்கு எனக்கு உரிமை கம்மிதான், இருந்தாலும் சொல்றேன். அந்தப் பொண்ணுங்கள நான் குறை சொல்லல, அந்தப் படத்த கேக்குறவன் யாரு, எதுக்குக் கேக்குறான்னுதான் பாக்குறேன். 2011ல ஜெர்மனியில பெண்கள் ஃபுட்பால் உலகக் கோப்பை நடந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்த நாட்டு இளம் ஆட்டக்காரிங்க அஞ்சு பேரு அங்க வர்ற பிளேபாய்ங்குற ஆம்பளைங்க கவர்ச்சிப் பத்திரிகையில போஸ் குடுத்தாங்க. அத வாங்கினவன் எத்தன பேரு கேம் பாக்க டிக்கெட் வாங்கியிருப்பான்? மினசோட்டா பல்கலைக்கழகத்துல மேரி ஜோ கேன்னு ஒரு பேராசிரியை இதையே ஆராய்ச்சி பண்ணாங்க, வீராங்கனைங்க படத்த வகை வகையா ஜனங்ககிட்ட காட்டி, எத பாத்தா இவங்க ஆட்டத்த பாக்கணும்னு தோணுதுன்னு கேட்டாங்க. கவர்ச்சிப் படத்தால பெண்கள் விளையாட்டு மேல ஆர்வம் கூடல, களத்துல ஆடுற படம்தான் வேலை செஞ்சிது.

விளையாட்ட நடத்துற பெரிய மனுசனுங்க புத்தியும் இதுலதான் இருந்திச்சு. 2004ல ஃபிஃபா தலைவரா இருந்த செப் பிளாட்டர், பொண்ணுங்க இன்னும் டைட்டான ஷார்ட்ஸ் போட்டு ஃபுட்பால் ஆடணும்னு வாய்கூசாம சொன்னாரு. 2011ல உலக பேட்மிண்டன் சம்மேளனம் பெரிய போட்டிங்கள்ல பொண்ணுங்க எல்லாரும் பாவாடைதான் போடணும்னு ரூல் கொண்டாந்துச்சு, பாக்க நல்லா இருந்தா கூட்டம் வருமாம். நம்ம மலேசியாவும் எதிர்ப்பு சொல்லிச்சு, கடைசியில 2012ல அத கைவிட்டாங்க. இந்த மாதிரி ஆளுங்க கையில விளையாட்டு இருக்கும்போது 'அவங்களா விரும்பித்தான் கழட்டுறாங்க'ன்னு சொன்னா என்னால ஏத்துக்க முடியல. உங்க பாட்டியம்மா கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

பழைய_ஓட்டக்காரி:

தம்பி சொல்ற பாதி எனக்கு சம்மதம். மீதி பாதிய ஓடுனவ ஒருத்தி சொன்னாத்தான் புரியும்.

நான் பேராக் மாநிலத்துக்கு ஓடியிருக்கேன். ரேஸுக்கு முன்னாடி பேரு கூப்புடுற இடத்துல எல்லாரையும் உக்கார வைப்பாங்க, மத்த மாநிலத்து பொண்ணுங்கள்லாம் டிராக் பேண்ட்ட கழட்டி மடிச்சி வச்சிட்டு கால உதறிக்கிட்டு இருக்கும், நான் மட்டும் அதிகாரி வந்து விசில் ஊதுற வரைக்கும் கழட்ட மாட்டேன், ஜிப்பு வேற ஸ்பைக்ல மாட்டிக்கும், அத இழுத்துக்கிட்டு இருக்கும்போதே பக்கத்து லேன்காரி பிளாக்ல போய் நின்னுருவா. காரணம் என் தொடை. எங்க தோட்டத்துல "ஆம்பள தொடை மாதிரி இருக்கு, இவள யாரு கட்டுவா"ன்னு நேராவே சொல்லுவாங்க. ஜிம்முல ஸ்குவாட் போட்டு போட்டு வந்த தொடை அது, அது இல்லாம கடைசி நூறு மீட்டர்ல ஒன்னும் கிழிக்க முடியாது, ஆனா நான் அத திருட்டு சாமான் மாதிரி மறைச்சிக்கிட்டே திரிஞ்சேன்.

அதனால 2015 பாடி இஷ்யூவுல அமாண்டா பிங்சன பாத்தப்ப எனக்கு தொண்டை அடைச்சிது. சுத்தியல் எறியுறவங்க, அமெரிக்காவுக்கு ஒலிம்பிக் போனவங்க, நல்லா கனமான உடம்பு, வயித்துல மடிப்பு இருக்கு, அவங்கள அட்டையில போட்டாங்க. மாடல் மாதிரி இழுத்துப் புடிச்ச உடம்பு இல்ல, எறியுறதுக்கு ஆன உடம்பு. 2010ல வீல்சேர் டென்னிஸ் சாம்பியன் எஸ்தர் வெர்கீர் படம் வந்திச்சு. அந்த மாதிரி உடம்புங்கள வேற எந்தப் பத்திரிகை அழகுன்னு சொல்லிப் போட்டிருக்கு? பிளேபாய்ல வர்ற படத்தையும் இதையும் ஒரே தராசுல வைக்காதீங்க தம்பி. ஒன்னுல அவ உன்ன கூப்புடுறா மாதிரி நிக்க வைக்கிறான், இன்னொன்னுல அவ எறியுறா, குதிக்கிறா, ஓடுறா, பாக்குறவன் ஒதுங்கி நிக்கணும்.

துணி போட்டா மரியாதை வந்துருமா? 2015 சிங்கப்பூர் சீ கேம்ஸ்ல (தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி) ஃபாரா ஆன் அப்துல் ஹாடி ஜிம்னாஸ்டிக்ஸ்ல நாட்டுக்கு தங்கம் வாங்கிக் குடுத்திச்சு, ஜிம்னாஸ்டிக்ஸ்ல எல்லாரும் போடுற அதே உடுப்புதான், அதுக்கு ஃபேஸ்புக்ல எவ்ளோ கேவலமா எழுதினாங்கன்னு ஞாபகம் இருக்கா? 2021ல சுதிர்மான் கப்புல நம்ம பேட்மிண்டன் பொண்ணு கிசோனா ஒரு கேம் தோத்திச்சு. முழுசா ஜெர்சி போட்டிருந்த பொண்ணு. அதுக்கு ஒரு அரசியல்வாதி நம்ம இனத்த திட்டுற அந்த வார்த்தைய போட்டு, எந்த எஸ்டேட்லேர்ந்து பொறுக்கிட்டு வந்தீங்கன்னு எழுதினாரு, அப்புறம் மன்னிப்பு கேட்டாரு. எஸ்டேட்ல பொறந்து வளந்த எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

செம்பனை_பொண்ணு:

அக்காங்க ரெண்டு பேருக்கும் வணக்கம், நான் கேஎல்ல வேலை, சொந்த ஊரு சுங்கை சிப்புட்டுதான்.

இதுல பணத்த பத்தி யாரும் சரியா பேசலன்னு தோணுது. ஆஸ்திரேலியா பெண்கள் ஃபுட்பால் டீம் மட்டில்டாஸ் கதை ஒன்னு போதும். 1999ல அந்தப் பொண்ணுங்க நிர்வாணமா ஒரு காலண்டருக்கு போஸ் குடுத்தாங்க, ஏன்னா நாட்டுக்கு ஆடுறவங்களுக்கே காசும் இல்ல, அப்படி ஒரு டீம் இருக்குன்னு ஜனங்களுக்கு தெரியவும் தெரியாது. காலண்டர் பரபரப்பா போச்சு, உலகமே பேசிச்சு. அதுக்கப்புறம் சம்பளம் சரியாச்சா? 2015ல அதே டீமு சம்பளம் பத்தலன்னு ஸ்ட்ரைக் பண்ணி அமெரிக்கா டூருக்கே போக மாட்டோம்னு நின்னாங்க. பதினாறு வருசம் லா! 2019லதான் ஆம்பள டீமுக்கு சமமா வருமானத்துல பங்குன்னு ஒப்பந்தம் ஆச்சு. 2023 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி ஸ்டேடியத்துல 75,784 பேரு உக்காந்து பாத்தாங்க, அன்னிக்கு எல்லாரும் ஜெர்சிதான் போட்டிருந்தாங்க.

அதனால அந்த காலண்டர் எடுத்தவங்கள நான் கேவலமா நினைக்கல. ஆனா நாட்டுக்கு ஆடுறவ செலவுக்கு துணிய கழட்ட வேண்டிய நிலைமையில வச்சிருந்தவங்க மேல எனக்கு ஆத்திரம் வருது. செரினா 2009ல போஸ் குடுத்தப்ப ஏற்கனவே பெரிய பணக்காரி, வேணாம்னு சொன்னாலும் ஒன்னும் குறைஞ்சிருக்காது. வேணாம்னு சொல்ல முடியுதா இல்லியாங்குறதுதான் எனக்கு முக்கியம். 2021ல நார்வே பீச் ஹேண்ட்பால் பொண்ணுங்க பிகினி வேணாம், ஷார்ட்ஸ் போடுறோம்னு ஆடினதுக்கு 1,500 யூரோ ஃபைன் போட்டாங்க. ஆம்பளைங்க ஷார்ட்ஸ்லதான் ஆடுறாங்க! உலகமே திட்டுன பெறகு அந்த வருசக் கடைசியில ரூல மாத்தினாங்க. இங்க ஷார்ட்ஸ் போட்டா கோயில் கமிட்டி கேள்வி கேக்குது, அங்க ஷார்ட்ஸ் போட்டதுக்கு சம்மேளனம் ஃபைன் போடுது, அந்தப் பொண்ண கேட்டது யாரு?

திடல்காரன்:

ஆம்பளைங்களும் இத செய்றாங்கன்னு ஞாபகப்படுத்துறேன். பிரான்ஸ்ல ஸ்டேட் ஃபிரான்சே ரக்பி கிளப்பு 2001லேர்ந்து ஆட்டக்காரங்கள வச்சி நிர்வாண காலண்டர் போட்டிச்சு. அத பாத்துட்டு யாரும் ரக்பிக்கு கேவலம்னு சொல்லல, அவங்கள கல்யாணம் யாரு பண்ணிக்குவான்னும் கேக்கல. பொண்ணு செஞ்சா மட்டும் குடும்பம், கோயில், இனம் எல்லாம் வந்து நிக்குது.

இன்னொன்னு, நம்ம பொண்ணுங்களுக்கு முன்மாதிரிய வெளிநாட்டுல தேட வேணாம். நம்ம பேராக்குல தாப்பாவுல பொறந்த ராஜாமணி 1964லயே தோக்கியோ ஒலிம்பிக்ல ஓடினவங்க, 1966லயும் 67லயும் நாட்டோட சிறந்த வீராங்கனை விருது வாங்கினவங்க. அந்தக் காலத்துல நம்ம வீட்டுப் பொண்ணு அரைக்கால் சட்டையோட திடல்ல எறங்குனா ஊரு சும்மாவா இருந்திருக்கும்? உங்க பொண்ணு ஓடட்டும் அக்கா, கமிட்டிக்காரருக்கு நான் வந்து பதில் சொல்றேன்.

சுங்கைசிப்புட்_அக்கா:

எல்லாருக்கும் நன்றி, எல்லாத்தையும் அவகிட்ட படிச்சிக் காட்டினேன். செம்பனை_பொண்ணு சொன்னத வச்சி நான் அவகிட்ட கேட்டேன், "இந்த ஸ்பைக் இல்லாட்டியும் இந்த போட்டோவ எடுப்பியா"ன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஓடுற மாதிரி எடுத்தா எடுப்பேன், ஸ்டுடியோவுல இடுப்புல கை வச்சி நிக்க சொன்னா மாட்டேன்"னு சொன்னா. எங்கம்மா அத கேட்டுட்டு, அப்போ திடல்லயே எடுக்கச் சொல்லுன்னாங்க. அவங்க அவ்ளோ தூரம் எறங்கி வந்ததே எனக்கு பெரிசு. இப்ப அந்த ஆளுகிட்ட என்ன பேசணும், எப்படி பேசணும்?

பழைய_ஓட்டக்காரி:

அக்கா, வாய்ப்பேச்சு வேணாம், எழுதி வாங்குங்க. போட்டோ திடல்ல எடுக்கணும், கோச்சோ நீங்களோ கூட இருக்கணும். எடுத்ததுல எது வெளிய போவலாம்னு அவதான் பாத்து சொல்லணும், அவ வேணாம்னா அழிச்சிரணும். எங்க போடுவாங்க, எத்தன மாசம் போடுவாங்க, வேற கம்பெனிக்கு வித்துருவாங்களான்னு கண்டிப்பா கேளுங்க, இதுலதான் நிறைய பேரு மாட்டிக்கிறாங்க, ஒரு வாட்டி எடுத்த படம் பல வருசம் கழிச்சி எங்கயோ மசாஜ் சென்டர் விளம்பரத்துல வந்து நிக்கும். படத்துக்கு கீழ அவ பேரும் அவ ஓடின டைமும் போடணும். ஸ்பைக் விலைய மட்டும் காட்டி முடிச்சிருவாங்க, போட்டிக்கு போய் வர்ற பஸ் காசு, சாப்பாடு, ஃபிசியோ செலவு எல்லாத்தையும் சேத்து கேளுங்க. இழுத்தாருன்னா விட்டுருங்க, அவளுக்கு சைஸ் என்னன்னு பிஎம் பண்ணுங்க, என் பழைய டீம்மேட் ஒருத்தி ஈப்போல பிள்ளைங்களுக்கு பயிற்சி குடுக்குறா, அவகிட்ட ஸ்பைக் இருக்கான்னு கேட்டு சொல்றேன்.

தண்டல்_மகன்:

ஸ்பான்சர் லெட்டர் எழுத ஆள் வேணும்னா என்ன கூப்புடுங்க, மலாய்லயும் இங்கிலீஷ்லயும் எழுதித் தரேன். பாட்டியம்மாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க.