குளக்கட்டில் மிரளும் குதிரை: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து நீரில் விளையும் வயல்களுக்கு நடுவே வசிக்கிறேன். எங்கள் பெண்குதிரை வளவுக்குள் சொன்னபடி கேட்கும். ஆனால் வாய்க்கால் கரையில் அதன்மேல் தனியாக ஏறிச் சென்றால், லாண்ட்மாஸ்டர் எனும் இருசக்கர உழவு இயந்திரத்தின் சத்தத்துக்கும் பற்றைக்குள்ளிருந்து திடீரென எழும் மயிலுக்கும் மிரண்டு, காதுகளை விறைத்து நின்றுவிட்டு, மறுகணமே வீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது.

குதிரை ஆபத்தைக் கண்டால் ஓடித் தப்பும் விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் இருப்பவை அதற்குத் தெரிவதில்லை. ஆகவே அடித்துப் பழக்குமாறு சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அச்சத்தோடு வலியும் சேர்ந்தால் அந்த இடத்தையே அது வெறுத்துவிடும். இப்போது காலை வேளைகளில் கயிற்றில் பிடித்து, அதன் தோளருகே நடந்து மதகுவரை கூட்டிச் சென்று, அது தலையைத் தாழ்த்தி, வாயை அசைபோட்டு நிதானமடைந்த பின்னரே திரும்பி வருகிறேன். இதில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது.

சேணத்தில் ஏறிய பின்னும் இந்த நிதானத்தைக் கொண்டுவருவது எப்படி? மிரளும் கணத்தில் கடிவாளத்தை இறுக்குவதா, தளர்த்தி வட்டமாகத் திருப்புவதா? குதிரை கூட்டமாக வாழும் இயல்புடையது என்பதால், வவுனியா, மன்னார், முல்லைத்தீவுப் பக்கங்களில் பழகிய குதிரை வைத்திருப்போர் எவரேனும் எங்களுடன் சேர்ந்து வர முடிந்தால் பேருதவியாக இருக்கும். குளம்பு சீவத் தெரிந்தவர்களையும், யானை நடமாட்டம் குறைந்த, கண்ணிவெடி அகற்றி முடிக்கப்பட்ட கிரவல் பாதைகளையும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.