இரு கதவு ஹெரால்டுக்கு நான்கு கதவு: ‘ஸ்கிராட்ச் பில்டிங்’ தமிழில் என்ன?

மடல் 1: பயிலரங்கு ஆசிரியை, சென்னை

குழுவினருக்கு வணக்கம்.

12 பக்கக் கையேடு ஒன்று திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டு சொற்கள் கிடைக்காமல் நிற்கிறது.

சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளவுமாதிரிக் கார் கட்டக் கற்றுத் தருகிறேன். இந்தப் பருவத்துக்கு எடுத்துக்கொண்ட வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னையில் உருவான கார் என்பதால் பிள்ளைகளுக்கு அதன்மேல் தனிப் பற்று. ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் உறுப்புகளைப் பெட்டியில் போட்டு விற்கும் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், அதன் மூலமான பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை 1/32 அளவில் (அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்காக) வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது இரு கதவு வண்டி. இந்தியாவுக்கென்றே வந்த நான்கு கதவு ஹெரால்டு வேண்டுமென்றால் பின்கதவுகளை நாமே செய்துகொள்ள வேண்டும்.

அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் கோடு கிழித்து, ஒடித்து, வெந்நீரில் முக்கி வளைத்து, அரத்தால் ராவிக் கதவு செய்கிறோம். காரின் வானொலி ஏரியல் கம்பிக்குப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட வழியைச் சொல்ல வேண்டும். உறுப்புகளை ஒடித்து எடுத்தபின் மிஞ்சும் சட்டத்துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து உருட்டுவார்கள். பளபளப்பு ஏறியதும் வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து, இரு கையாலும் இழுப்பார்கள். தலைமயிர்ப் பருமனுக்கு நீளும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும்.

இப்படி வெறுந்தகட்டிலிருந்து செய்வது ஸ்கிராட்ச் பில்டிங். வேறு வேறு பெட்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு வண்டி ஆக்குவது கிட்பாஷிங். இரண்டுக்கும் தமிழ் வேண்டும்.

அழகுக்காகக் கேட்கவில்லை. சென்ற மாதம் பிள்ளைகள் தங்களுக்குள் உறுப்புகளைப் பண்டமாற்றுச் செய்தார்கள். ஒரு சிறுமி மூன்று வாரம் உழைத்துச் செய்த சக்கர மூடிகளைக் கொடுத்து, ‘சொந்தமாகச் செய்தது’ என்று வெளியார் ஒருவர் காட்டிய பானட்டை வாங்கினாள். பின்பக்கம் திருப்பினால் ரெசின் (ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) குமிழிகள். யாரோ செய்ததை அச்செடுத்து வார்த்த படி அது. ‘சொந்தமாகச் செய்தது என்றுதானே சொன்னேன், வார்த்தது நான்தான்’ என்றார் அவர். அந்தச் சிறுமிக்கு நான் பதில் சொல்ல முடியவில்லை. எது எப்படி உருவானது என்று ஐயமின்றிச் சொல்லும் சொற்கள் இருந்தால் இந்த ஏமாற்றம் நேராது.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, இரண்டாவது சொல்லுக்கு நீங்கள் அலையவே வேண்டாம். நன்னூலார் எட்டுப் பொருள்கோளுள் (செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளுள்) ஒன்றாகச் செய்து வைத்திருக்கிறார்: கொண்டுகூட்டு. செய்யுளில் பல அடிகளிலும் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருந்தும் இடத்துக்குக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் கொள்வது. ‘தெங்கங்காய் போலத் திரண்டுருண்ட பைங்கூந்தல்’ என்ற பாட்டை வகுப்பில் நடத்தியவர்களுக்கு நினைவிருக்கும். தேங்காய் கூந்தலுக்கு ஆகாது. மூன்றாம் அடியிலுள்ள ‘அஞ்சனத்தன்ன’வை (மை போன்ற) கழற்றிக் கூந்தலில் பூட்டினால்தான் பொருள் வரும். உங்கள் பிள்ளைகள் பிளாஸ்டிக்கில் செய்வதும் அதுவே.

முதற்சொல்லுக்கும் சங்க இலக்கியத்திலேயே இடம் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ‘தச்சச் சிறாஅர் நச்சப் புனைந்த ஊரா நற்றேர்’ வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி புனைந்த, ஏறி ஊராத தேர். ஏறி ஊராத வண்டி! அளவுமாதிரிக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எந்த மொழியில் இருக்கிறது? பட்டினப்பாலையில் குதிரை இல்லாமல் உருட்டும் முக்காற் சிறுதேர். குறுந்தொகையில் தச்சன் செய்த சிறு வையம், இளையோர் கையால் ஈர்த்து இன்புறுவது. பிள்ளைத்தமிழில் சிறுதேர் ஒரு பருவமாகவே நிலைத்துவிட்டது. ஆகவே வினை ‘புனைதல்’. ‘தேர்ப்புனைவு’ என்று வையுங்கள்.

மடல் 3: வார்ப்பட ஆலைப் பேட்டர்ன் தச்சர், கோவை

ஐயா சொன்னது படிக்க இனிக்கிறது. ஆனால் ‘தேர்ப்புனைவு’ என்று கையேட்டில் போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை திருவாரூர்த் தேரைத்தான் நினைக்கும். ‘புனைவு’ என்றால் இன்று கதை. ‘நான் ஒரு புனைவு செய்தேன்’ என்றால் சிறுகதை எழுதியதாக வாழ்த்துவார்கள்.

நான் 31 ஆண்டுகளாக மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சைப் பதித்தெடுக்கும் உரு, செய்கிறேன். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்று கணக்கிட்டு, மரத்தை அவ்வளவு பெரிதாகச் செய்வோம். எங்கள் பட்டறையில் அதற்குப் பேட்டர்ன் என்றுதான் பேர். மாதிரி அச்சு என்றால் பழகியவர்களே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகள் ‘ஸ்கிராட்ச்’ என்று சொல்கிறார்கள் என்றால் ஸ்கிராட்ச் என்றே எழுதுங்கள். பஸ்ஸும் டிக்கெட்டும் வந்து தமிழ் கெட்டுவிடவில்லை.

கொண்டுகூட்டிலும் எனக்கு ஓர் ஐயம். அது ஒரே பாட்டுக்குள் நடக்கும் வேலை அல்லவா? வேறு புலவர் பாட்டிலிருந்து அடி எடுத்துவந்து சேர்ப்பதை நன்னூல் சொல்லவில்லையே. கிட்பாஷில் ஒரு வண்டியின் என்ஜின் இன்னொரு வண்டிக்குப் போகிறது.

மடல் 4: தஞ்சாவூர்

தச்சர் தம்பிக்கு: நல்ல தடை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலக்கணச் சொல் கலைச்சொல்லாகும்போது எல்லை சற்று விரிவது இயல்பு. ‘புதியன புகுதல்’ சொன்னவரும் அதே நன்னூலார்தான்.

மடல் 5: யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், டொராண்டோ

வணக்கம். மூலச் சொல்லிலிருந்து தொடங்கலாமே. ஸ்கிராட்ச் என்பது பந்தயத்தில் எல்லோரும் புறப்படும் இடமாகத் தரையில் கிழித்த கோடு. சலுகை இல்லாமல் அந்தக் கோட்டிலிருந்து ஓடியவரே அடியிலிருந்து தொடங்கியவர். தமிழில் இதற்குக் கீறல். எங்கள் ஊரில் ‘கீறுதல்’ என்றால் வரைவதும்தான். படம் கீறினான், கோலம் கீறினாள். சிறுவயதில் என் அம்மா ‘வீடு ஒன்று கீறு மகனே’ என்று கொப்பியைத் தருவா.

ஆசிரியை அம்மா எழுதியதைப் பாருங்கள். தகட்டில் கோடு கிழித்து ஒடிக்கிறோம் என்கிறார். பிளாஸ்டிக் தகட்டை முழுக்க வெட்டுவதில்லை. கத்தியால் கீறி மடக்கினால் கீறல் வழியே நேராக ஒடிகிறது. ஆக ஓடுகளத்தின் கீறலும், வரைபடம் கீறுவதும், தகடு கீறுவதும் ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன. ‘கீறிக்கட்டு’ என்று முன்மொழிகிறேன்.

இன்னொரு செய்தி. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை சிறுவர்களுக்கு மாதிரி செய்யும் போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்து அரச வண்டி, 1937 முதல் 1/12 அளவில் தாங்களே வடிவமைத்த கார். வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. வரைவதுதான் அங்கும் முதல் வேலை.

மடல் 6: கோவை

கீறிக்கட்டு பட்டறைச் சொல் மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் கீறல் என்றால் பழுது. ‘கார் கதவில் கீறல்’ என்றால் பெயிண்ட் போய்விட்டது என்று பொருள். பண்டமாற்றுத் தாளில் ‘கீறிக்கட்டிய கதவு’ என்று எழுதினால் கோடு விழுந்த கதவென்று விலை குறைப்பார்கள்.

மடல் 7: தஞ்சாவூர்

நேற்றிரவு தூக்கம் வரவில்லை, கிடைத்துவிட்டது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் தெய்வப் பெண்களான சூரரமகளிரின் அழகைச் சொல்லும்போது ‘கைபுனைந் தியற்றாக் கவின்பெறு வனப்பு’ என்கிறார். கையால் புனைந்து செய்யப்படாத அழகு. அப்படியானால் கையால் செய்வது ‘கைபுனைதல்’. கதை என்ற மயக்கமும் ‘கை’ முன்னால் நிற்பதால் தீர்ந்துவிடுகிறது. தச்சர் தம்பியும் ஒப்புவார் என்று நம்புகிறேன்.

மடல் 8: டொராண்டோ

அழகான சொல் ஐயா. ஆனால் ஒற்று? கைபுனைவா, கைப்புனைவா?

மடல் 9: தஞ்சாவூர்

வினையாக வரும்போது மிகாது: கைதொழுதான், கைபுனைந்தான். பெயராகும்போது மிகும்: கைத்தொழில், கைப்பிடி. ஆகவே கைபுனைந்த கதவு, கைப்புனைவுக் கதவு. மளிகைக் கடையில் கைகுத்தல் அரிசி என்று எழுதியிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

மடல் 10: கோவை

கைக்குத்தல் அரிசியை எங்கள் வீட்டில் 40 ஆண்டாகச் சாப்பிடுகிறோம், ஒற்று இல்லாமலும் செரித்திருக்கிறது. ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். திங்கட்கிழமை நெருங்குகிறது.

மடல் 11: வடிவமைப்பாளர், சிங்கப்பூர்

தாமதமாக நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கார் உறுப்புகளைக் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுக்கிறேன். ஹெரால்டின் அச்சிடைத் தூரம் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 91.5 அங்குலம், அதாவது 2,324 மில்லிமீட்டர். 1/32-க்கு 72.6 மில்லிமீட்டர். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பழைய புகைப்படங்களிலிருந்து பின்கதவின் சாய்வைக் கணக்கிட எனக்கு 11 இரவுகள் ஆயின. யாருடைய அச்சையும் படியெடுக்கவில்லை. வெற்றுத் திரையிலிருந்து தொடங்கினேன். இது ஸ்கிராட்ச் பில்டிங் இல்லையா? ‘கை’ என்ற சொல்லை முன்னால் வைத்தவுடன் என் கதவு வெளியே தள்ளப்படுகிறது. ‘கீறிக்கட்டு’ என்றால் உள்ளே இருந்திருப்பேன், ஏனென்றால் கீறுவதுதான் என் முழு வேலையும்.

மடல் 12: கோவை

தம்பி, உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரம் பிடித்தவன் ஒவ்வொரு கதவுக்கும் மறுபடி உழைக்க வேண்டும். நீங்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டு மறுநாள் பத்து எடுக்கலாம். மாற்றும்போது மதிப்பு அதில்தானே இருக்கிறது?

வார்த்த படிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆசிரியை அம்மாவின் வழக்கு அங்கேதான் இருக்கிறது. சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து ரெசின் ஊற்றினால் உறுப்பு மயிரிழை சுருங்கும். அந்தப் படியிலிருந்து இன்னொரு அச்சு எடுத்தால் இன்னும் சுருங்கும், விளிம்பும் மழுங்கும். நான்காவது படியில் பானட் உடம்பில் பொருந்தாது. ஒரு சீட்டில் மூலம் எது, படி எது, எத்தனையாவது படி என்று எழுத வேண்டும்.

மடல் 13: தஞ்சாவூர்

மூலம், படி! ஓலைச்சுவடி உலகின் சொற்களை ஒரு வார்ப்படத் தச்சர் வாயால் கேட்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. ஏட்டைப் பார்த்து எழுதிய ஏட்டைப் பார்த்து எழுதும்போது பிழை பெருகியதும் இப்படித்தான். ‘வார்ப்புப்படி’ என்று கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.

மடல் 14: டொராண்டோ

கொண்டுகூட்டுக்கு ஓர் ஆதரவு. அசல் ஹெரால்டே அப்படிப்பட்ட கார். முழு உடம்பையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆலை கிடைக்காததால், தனிச் சட்டகத்தின்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கும் உடம்பாக அதை வடிவமைத்தார்கள். பல ஆலைகளில் செய்த துண்டுகளைக் கொண்டுவந்து கூட்டினார்கள். வெளிநாடுகளில் பூட்டி விற்கவும் அது வாய்ப்பாகப் போயிற்று. இன்னொன்று: அமெரிக்காவில் மாதிரிக் கார்ப் பெட்டிகள் விற்ற ஏ.எம்.டி. நிறுவனம் 1958-இலிருந்து ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டத்தக்க உறுப்புகளைக் கொடுத்தது. ஒன்றைக் கட்டினால் மிச்சம் எல்லாம் மேசையறையில் சேரும். இந்தப் பொழுதுபோக்கில் பண்டமாற்றுப் பெருகியதற்கு அந்த மிச்சமும் ஒரு காரணம். கொண்டு வருவதற்கு உதிரி இருந்தால்தான் கூட்டவும் முடியும்.

ஒரு சிறு விண்ணப்பம்: பிள்ளைகள் உறுப்புகளைப் பரிமாறிக்கொள்வதை ‘உறுப்புமாற்று’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மருத்துவமனை நினைவு வருகிறது. ‘உதிரிமாற்று’ என்றால் போதும்.

மடல் 15: சென்னை

எல்லோருக்கும் நன்றி. இரவு பதினொன்றே கால். அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஸ்கிராட்ச் பில்டிங்குக்குக் கைப்புனைவு. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஸ்கிராட்ச் என்று நாம் சொல்லும்’ என்ற தொடரைச் சேர்த்திருக்கிறேன், கோவை ஐயாவுக்காக. கிட்பாஷுக்குக் கொண்டுகூட்டு. ரெசினுக்கு வார்ப்புப்படி. பரிமாற்றத்துக்கு உதிரிமாற்று. கீறிக்கட்டு சொல்லாக நுழையவில்லை. ஆனால் தகடு ஒடிக்கும் பக்கத்தில் ‘வெட்டாதே, கீறி ஒடி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மடல் 16: டொராண்டோ

ஏற்கிறேன். என் மேசையில் மட்டும் அது கீறிக்கட்டாகவே இருக்கும்.

மடல் 17: சிங்கப்பூர்

என் கதவை உதிரிமாற்றுத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மடல் 18: சென்னை

தம்பி, அதை முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. உங்கள் 11 இரவுகளையும் அந்தச் சிறுமியின் மூன்று வாரத்தையும் ஒரே சொல்லில் வைக்கலாமா என்று இன்னும் தெளிவில்லை. ‘எப்படிச் செய்தது’ என்ற பத்தியில் நான்கு கட்டம் அச்சிட்டிருக்கிறேன்: கைப்புனைவு, கொண்டுகூட்டு, வார்ப்புப்படி, பெட்டியில் வந்தது. ஐந்தாவதாக ஒன்றைப் பெயர் இல்லாமல் விட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் உங்கள் கதவைக் காட்டுகிறேன். அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று இங்கே சொல்கிறேன்.