மேலத்தெரு சொந்தங்கள்: ஞாயிறு முடியிறக்கு

பெரியப்பா: பாப்பா முடியிறக்குக்கு வேன் காலைல 5 மணி. போற வழில ஒரு வைத்தியர் இருக்காராம். நரம்பை நீவிவிட்டா வாதம் போயிடுமாம். நம்ம மீனாவோட கவினைக் காட்டிட்டு வருவோம்.

செல்வி அத்தை: காட்டலாமே 🙏

கௌரி: வேண்டாம் பெரியப்பா. கவினுக்கு மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி). சேதம் மூளையில, கால் நரம்புல இல்ல. அது மேல பெருகாது, நீவினா சரியாகவும் செய்யாது. ஆனா எலும்பு வளர்ற வேகத்துக்கு இறுகின தசை நீளாது, குதிகால் தூக்கிக்கும். அதைத் தடுக்கத்தான் பயிற்சி, காலை நேரா பிடிச்சு வைக்கிற ஸ்பிளிண்ட். முரட்டுத்தனமா இழுத்தா தசை இன்னும் இறுகும். அதிகம் நிக்காத புள்ளைங்க எலும்பு பலவீனம், முறிஞ்சே போகலாம்.

முருகன் மாமா: எத்தனை சீட்டு

சுமதி சித்தி: போன தடவ மாதிரி எங்கள மட்டும் டெம்போல ஏத்திடாதீங்க

பெரியப்பா: கை தானா முறுக்கிக்கிற பையனுக்கே குணமாச்சாமே

கௌரி: அது டிஸ்கைனெடிக், வேற வகை. பிறந்தப்ப மஞ்சள் காமாலை மிஞ்சிப் போனாலும் வரும். தள்ளாடுறது அட்டாக்ஸிக், சிறுமூளைக் கோளாறு. கவினுக்கு ஸ்பாஸ்டிக், ரெண்டு காலும். பத்துல எட்டுப் பேருக்கு இந்த இறுக்கம்தான்.

மீனா: கெண்டைக்கால்ல தசையத் தளர்த்துற போட்டாக்ஸ் ஊசி போட்டு 2 வாரம்தான் ஆகுது பெரியப்பா

கௌரி: ஊசி 3 மாசம் போலதான் தளர்த்தும். அதுக்குள்ள நீட்டுற பயிற்சி விடாம நடக்கணும். மீனா, ஸ்பிளிண்டைக் கழட்டினா சிவப்பு 20 நிமிஷத்துல மறையணும். மறையலன்னா அழுத்துது, செஞ்சவங்ககிட்ட காட்டு. இறுக்கத்தைக் குறைக்கிற பேக்லோஃபென் மருந்தை மறக்காத. திடீர்னு நின்னா வலிப்பே வரலாம்.

முருகன் மாமா: நிராமயா, அதான் அரசு மருத்துவக் காப்பீடு, புதுப்பிச்சாச்சா? வருஷம் 1 லட்சம் வரை உண்டு

மீனா: இல்ல மாமா

செல்வி அத்தை: பொங்கல் ஊட்டலாமா

கௌரி: ஊட்டுங்க அத்தை, முந்திரி எடுத்துட்டு. நிமிர்ந்து உக்காரணும், தாடை லேசா கீழ. அண்ணாத்தி ஊத்தினா மூச்சுக்குழாய்க்குப் போகும். அவனுக்குப் பொரையேறுறது தண்ணிலதான், சின்னச் சின்ன மடக்கா குடுங்க. சாப்பிட்ட உடனே படுக்க வைக்காதீங்க.

சுமதி சித்தி: போன வருஷக் கிடா கணக்கு?

முருகன் மாமா: அத தனியா பேசுவோம்

மீனா: திங்கள் இடுப்பு எக்ஸ்ரே இருக்கு அக்கா. அலைச்சலா இருக்கும்னு தள்ளிப் போடவா?

கௌரி: தள்ளாத. தொடை எலும்பு குழிய விட்டு நகர்றது வலி இல்லாமலே நடக்கும், படத்துலதான் தெரியும்.

பெரியப்பா: சரி. வைத்தியர சும்மா பாத்துட்டு மட்டும்...

மீனா: விபூதி மட்டும் வாங்கிக்கிறோம் பெரியப்பா. கால தொட வேண்டாம்.

முருகன் மாமா: 5ஆ 5.30ஆ?