நாலு கோடி இலக்கப் பகா எண்: வகுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள்?

அச்சுக்கோப்பு
2024 அக்டோபரில் அறிவித்த 2^136279841 − 1 (2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு) பற்றித்தான். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். நான் பக்கம் கட்டும் வேலையில் இருப்பவன். பக்கத்துக்கு 3,000 இலக்கம் திணித்தாலும் 13,675 பக்கம் வருகிறது! வர்க்கமூலமே இரண்டு கோடி இலக்கத்துக்கு மேல். அதுவரை ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுப்பது நடக்கிற காரியமா? அல்லது ‘அநேகமாகப் பகா எண்’ என்ற கதைதானா?

கணக்கு வாத்தியார்
அநேகமாக எல்லாம் இல்லை ஐயா, உறுதியாகவே. 2^p − 1 வடிவ எண்களுக்கென்றே லூக்காஸ்–லேமர் சோதனை இருக்கிறது (p ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும்). 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி p − 2 தடவை. முடிவில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

127 என்பது 2^7 − 1. ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. கடைசிப் படியில் 111 × 111 − 2 = 12,319; அது சரியாக 127 × 97.

2^11 − 1 = 2047-க்குப் போட்டால் ஒன்பதாம் தடவை 1736-இல் நிற்கும். தேறவில்லை. ஆனால் 23 × 89 என்ற காரணிகளைச் சோதனை காட்டிக்கொடுக்காது. எனக்கு இதில் மிகவும் பிடித்ததே காரணியைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்ளும் அந்த அழுத்தம்தான். 2^127 − 1 பகா எண் என்று பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் 1876-இலேயே காட்டிவிட்டார். 39 இலக்கம், கணினி கிடையாது.

பிட்_பைட்
சார் சொன்னதில் மீதி காண்பதற்கும் வகுத்தல் தேவையில்லை. 127 கணக்கில் இரண்டாம் படி 14 × 14 − 2 = 194. அது 1 × 128 + 66. 127-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் மீதி 1 என்பதால் 128-க்கும் 1-க்கும் வித்தியாசம் இல்லை. ஆக 1 + 66 = 67, முடிந்தது. இரும எண்ணில் இது மேல் பாதியை வெட்டிக் கீழ்ப் பாதியோடு கூட்டுவதுதான். சிரமமெல்லாம் வர்க்கம் எடுப்பதில். அதற்கு ஃபூரியே உருமாற்றம் என்ற, பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் கணித உத்தி.

அப்புறம், ‘அநேகமாக’ என்பதும் முழுக்கக் கதையில்லை. முதலில் டப்ளினில் இருந்த ஒரு ஜிபியு (கணினியின் வரைகலைச் செயலி) ஃபெர்மா சோதனையில் அப்படித்தான் சொன்னது; அந்தச் சோதனை முழு உறுதி தராது. மறுநாள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று லூக்காஸ்–லேமர் ஓட்டி உறுதி செய்தது.

அச்சுக்கோப்பு
127-ஐப் போட்டுப் பார்த்தேன், அச்சு பிசகாமல் வருகிறது. வங்கிக் குறியாக்கத்துக்கு இந்தப் பெரிய எண் உதவுமா? கடைசி இலக்கத்தையாவது நாமே கண்டுபிடிக்கலாமா?

கணக்கு வாத்தியார்
உதவாது. ஊருக்கே தெரிந்த எண்ணில் என்ன ரகசியம்? அங்கே சுமார் 300 இலக்கப் பகா எண்கள் போதும், யாருக்கும் தெரியாதவையாக இருந்தால் சரி.

கடைசி இலக்கம் 1. 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று சுழன்று முடியும். 136279841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே 2-இல் முடியும், ஒன்றைக் கழியுங்கள். முதல் இலக்கம் 8. அதற்கு லாகரிதம் வேண்டும், பள்ளிக்கூடத்து நாலு இலக்க வாய்ப்பாடு போதாது.